அன்னக்கொடியின் ஊர்ப் பட்டியல்

"அசையாதீங்க மாமா, எழுத்துக் கோணுது" என்று என் முதுகில் தாளை வைத்து மனுவுக்குத் தேதி போடுகிறாள் அன்னக்கொடி. மதுரை தல்லாகுளம் கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனு வாங்கும் வரிசை. நான் பட்டா மாறுதலுக்கு நிற்கிறேன். அவள் நிற்பது அணுகுண்டுக்கு.

என் பெரியம்மா பேரன் நல்லகாமனுக்கு வாக்கப்பட்டவள். எனக்கு மருமகள் முறை. செல்லூரில் பாதுஷா பாயின் விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றுகிறாள். தறிச் சத்தத்தில் பேசிப் பழகியதால் அவள் ரகசியம் சொன்னாலும் மூன்று வீட்டுக்குக் கேட்கும். புருவத்தில் எந்நேரமும் பஞ்சு. சும்மா உட்கார்ந்தாலும் விரல்கள் இல்லாத நூலை உருட்டிக்கொண்டிருக்கும். மகன் சோணைமுத்து, பொக்ரானில் குண்டு வெடித்த வருஷம் பிறந்தவன், பட்டாளத்தில் பெரோஸ்பூரில் இருக்கிறான்.

போன மே மாதம் சண்டை மூண்டபோது நாலு நாள் அவன் போனை எடுக்கவில்லை. டிவியில் அணுகுண்டுப் பேச்சு. ஐந்தாம் நாள் அவன் குரல் கேட்டதும் இவள் அழவில்லை. நேரே பாய் முன்னால் போய் நின்றாள்: "அண்ணே, இதத் தடுக்க என்னதான் வச்சிருக்காக?"

பேப்பரை வரி விடாமல் படிக்கிறவர் பாய். முதலில் நாம் அணுகுண்டு போடமாட்டோம் என்று நம் நாடு சொல்லியிருக்கிறது, பாகிஸ்தான் அப்படிச் சொல்லவில்லை என்றார். ஆனால் அணுமின் நிலையம் மாதிரியான இடங்களைத் தாக்குவதில்லை என்று இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு, வருஷா வருஷம் ஜனவரி ஒன்றாம் தேதி அந்த இடங்களின் பட்டியலை ஒன்றுக்கொன்று கொடுத்து மாற்றிக்கொள்கின்றன என்றார்.

அதைப் பிடித்துக்கொண்டாள். "கட்டடத்த அடிக்க மாட்டாகளாம், ஆள் இருக்க ஊர அடிப்பாகளா? ஊரையும் அந்த லிஸ்ட்டுல சேக்கட்டும்!"

அன்றிலிருந்து மனு. "இது டெல்லி விஷயம்மா" என்று திருப்பித் தருவார்கள். "அப்ப அங்கிட்டு அனுப்புங்க சார்" என்று அடுத்த திங்கள் வந்துவிடுவாள்.

இன்று டிசம்பரின் கடைசித் திங்கள். மூன்று நாளில் பட்டியல் கைமாறிவிடும்.

ஜன்னலுக்குள்ளிருந்து எழுத்தர் செல்வக்குமார் சிரித்தார். "வந்துட்டியாம்மா. அமெரிக்காவச் சேக்கலையா?"

"அவுக வரிசைல வரட்டும் சார். மொத இத முடிங்க."

படித்தார். இந்தப் பக்கம் பெரோஸ்பூர், அமிர்தசரஸ், ஜம்மு, மதுரை. அந்தப் பக்கம் லாகூர், கசூர், கராச்சி.

"லாகூரு எதுக்கும்மா?"

"மாத்திக்கிறதுன்னா ரெண்டு பக்கமும் இருந்தாத்தான சார் மாத்த முடியும்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்தா பாரு, அந்த மூணு ஊரையும் கோடு போட்டு அடிச்சுட்டுக் குடு. இன்னைக்கே நம்பர் போட்டு மேல அனுப்புறேன். ஒம் மகன் இருக்க ஊராச்சும் போய்ச் சேரும். அது இருந்தா நான் தொட முடியாது." பேனாவை நீட்டினார்.

ஏழு மாதமாகக் கிடைக்காத நம்பர். "அடிச்சுக் குடுத்துட்டு வாக்கா, நேரமாகுது" என்றார்கள் பின்னால் நின்றவர்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

அன்னக்கொடி பேனாவை வாங்கினாள். இரண்டு பக்கத்து ஊர்களையும் விரல் வைத்து எண்ணினாள். "அங்கிட்டு ஒண்ணு கொறையுதே சார்" என்று, கராச்சிக்குக் கீழே சியால்கோட் என எழுதி, தாளை ஜன்னலுக்குள் தள்ளினாள்.