சிமெண்டுத் தரையில் இரண்டு குழிகள்

விண்ணப்பம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்றாவது தெரிவிக்க வேண்டும். நான் வேலை பார்த்த அலுவலகக் கையேட்டில் இருந்த விதி இது. அந்தக் கையேட்டைத் திருத்தியவர்களில் நானும் ஒருவன். அதனால் அதை நம்பியதற்கு வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

விண்ணப்பம் என் மனைவிக்காக. ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். படங்களை லினோ என்ற மிருதுவான தகட்டில் செதுக்கி, மை உருட்டி, தாளில் அச்செடுப்பாள். எல்லாமே மூடிக்கிடக்கும் தொழிற்சாலைகள். "நம்ம ஊர் அரண்மனையைப் பண்ணலாமே மேடம்" என்று விஜயநகரில் எங்கள் தெருக்காரர்கள் கேட்டால், "அதுக்குத்தான் ஊரே இருக்கே" என்பாள். அவளை ஸ்கூட்டரில் ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பக்கம் கூட்டிப்போய், பூட்டிய கேட்டுகளின் முன் அவள் வரையும்வரை குடை பிடிப்பது என் ஓய்வுக்காலப் பணி. பதவி உயர்வு கிடையாது.

அங்கே ஒரு ஷெட்டின் காவலாளி ஹனூர்க்காரர். ஆலை ஓடிய காலத்தில் அதே ஷெட்டில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டியவர். ஒருநாள் கதவைத் திறந்து வாசலிலிருந்தே காட்டினார். மெஷின்கள் ஏலத்தில் போயிருந்தன. அவர் நின்ற இடத்தில் மட்டும் சிமெண்டுத் தரையில் இரண்டு குழிகள், கால் அளவுக்குத் தேய்ந்திருந்தன.

"எடது குழிதானுங் ஆழம். வலது காலு பாதி நேரம் பெடல்ல இருக்குமுங்ளே."

அன்று சாப்பிடும்போதுதான் மனைவி வாய் திறந்தாள். இதைச் செதுக்கினால் பொய்யாகிவிடுமாம்; தரையிலேயே மை உருட்டி, தாள் போட்டு, நேராக எடுக்க வேண்டுமாம். ஷெட்டை இடிக்கப் போகிறார்கள் என்று காவலாளி சொல்லியிருந்தார்.

மறுநாள் இருவரும் போய்க் காவலாளியிடம் விஷயத்தைச் சொன்னோம். "ஏனுங் சார், சாவி எங்கிட்டத்தான இருக்குது? அரை மணி நேரம், யாரு கேக்கப் போறாங்க?"

"எழுத்து மூலம் அனுமதி வரட்டும்" என்றேன்.

அந்த வாக்கியத்தோடு முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவள் மனைவி. "சரி, வரட்டும்" என்றாள்.

ஷெட் என் பழைய அலுவலகத்தின் பொறுப்பில்தான் இருந்தது; அங்கேயே விண்ணப்பித்தேன். மூன்று பிரதிகள், இட வரைபடம், உறுதிமொழி. முப்பது நாள் போயிற்று. ஒரு நினைவூட்டல். இன்னொன்று. அவள் வாங்கிய கனத்த தாள்கள் கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தன. ஒருமுறைகூட அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விதியைச் சொல்லித் தப்பித்திருப்பேன்.

ஒரு காலை காவலாளி போன் செய்தார். "சார், ஜேசிபி வந்து நிக்குதுங். மத்தியானம் ஆரம்பிக்கறாங்களாம்."

ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். "அனுமதி?" என்றாள்.

"நீ தாளை எடு."

கேட்டில் பார்வையாளர் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, நேரம் எழுதிக் கையெழுத்திட்டேன். காரணம்: தரையைப் பார்வையிட.

"திருடப் போறவன் கையெழுத்துப் போட்டுட்டா போவான்?" என்று சிரித்தாள். அவள் சிரித்து மாதங்கள் ஆகியிருந்தன.

அவள் தரையைப் பெருக்கி மை உருட்டினாள். மை ஒட்டுவதற்காக நனைத்த தாளின் முனைகளை நான் பிடித்துக்கொண்டேன். எங்கள் சோற்றுக்கரண்டியின் முதுகால் தாள் முழுக்கத் தேய்த்தாள். இரண்டாவது தாளைக் காவலாளியே தேய்த்தார். தூக்கிப் பார்த்தால் கருப்புத் தரை, கீறல்கள், நான்கு போல்ட் துளைகள், நடுவில் இரண்டு வெள்ளை வடிவங்கள். குழிக்குள் ரோலர் இறங்கவில்லை. அவர் நின்ற இடத்தில் மட்டும் மை படவில்லை.

"ஏனுங்ம்மா, எடமும் வலமும் மாறிப்போச்சே?"

"அச்சுன்னா அப்படித்தான் அண்ணா. கண்ணாடி மாதிரி."

அவர் செருப்பைக் கழற்றி, தாளுக்குப் பக்கத்தில் காலை வைத்துப் பார்த்தார். "எட்டாம் நம்பர்தானுங். என்னுதேதான்." பிறகு வெகுநேரம் காலை எடுக்கவில்லை. வெளியே ஜேசிபி உறுமியது.

ஒரு பிரதி எங்களுக்கு, ஒன்று கண்ணாடிச் சட்டம் போட்டு அவருக்கு. ஊர் திரும்புமுன் அதை வாங்கிப்போக வீட்டுக்கு வந்தார். மனைவி ரோலரையும் சோற்றுக்கரண்டியையும் மறுநாள் பூஜைக்கு வைத்திருந்தாள். அவர் தன் படத்தின் கண்ணாடிமேல், மெஷின் நின்ற இடம் பார்த்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். "வருசா வருசம் வெக்கறதுதானுங்."

அப்போது தபால்காரர் என் பழைய அலுவலகத்துக் கடிதத்தோடு வந்தார். ஹெல்மெட் அணிய வேண்டும், தரைக்குச் சேதம் கூடாது என்ற நிபந்தனைகளுடன் அனுமதி வழங்கப்பட்டிருந்தது. பூஜைக்காக அங்கே மேசைகளைத் துடைத்தபோது என் கோப்பு அகப்பட்டிருக்கும். மனைவி கடிதத்தைப் படித்துவிட்டு, அதன் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தாள். நான் பழக்கம் விடாமல், ஓரத்தில் பெற்ற நாளைக் குறித்தேன்: ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.