மெழுகு வட்டம்

ஐப்பசி பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை, விடிந்து நாலு நாழிகை. தூறல் நின்றிருந்தது, வாடை லேசாக அடித்தது. பசியாவரத்திலிருந்து பழவேற்காட்டுக்கு, ஒல்லாந்தர் கிடங்கில் துணி எண்ணும் வேலைக்குப் புறப்பட்டவன், தோணியில் ஏற வேட்டியைத் தூக்கினேன். தோணிக்காரன் என் காலைப் பார்த்துவிட்டான்.

"இன்னா பிள்ளே அது?"

"பூச்சிக்கடி."

"பூச்சி வட்டம் போட்டுட்டுப் போச்சா? எறங்கு. ஊருல காட்டிட்டு வா."

என் தோலில் ஏற்கெனவே இரண்டு வியாதிகள். இடுப்பில் ஒன்பது வருஷமாகப் படர்தாமரை, முழங்கைகளில் செதில் உதிரும் ஒன்று. அவற்றைக் கண்டு யாரும் பயந்ததில்லை. இது வேறு. முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை அகலம், மெழுகு ஊற்றியது போல வெளுத்து இறுகியிருந்தது. ஓரத்தில் கத்தரிப்பூ நிறம். இப்படி ஒன்றைக் கண்டதே இல்லை என்றார் வைத்தியர். ஊர் அதைப் பெருநோய் என்றது.

பெருநோய் என்றால் தொடுவது தெரியாது. அப்படி ஒருவனை முன்பு மணல்திட்டில் குடிசை போட்டு வைத்தார்கள். அவன் மனைவி சோற்றைப் பத்தடி தள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவாள். என் மனைவி அப்படி நடந்து வருவதை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

கையால் துழாவி இறால் பிடிக்கிற ஊர் எங்களுடையது. தோலைச் சோதிப்பதும் இறாலை வைத்துத்தான். ஞாயிற்றுக்கிழமை என்றார்கள். அதுவரை எழுத்தாணியால் வட்டத்தைக் குத்திப் பார்த்தேன். வலித்தது. வலிப்பதாக நானே நினைத்துக்கொள்கிறேனோ என்று மறுபடியும் குத்தினேன்.

ஞாயிறு காலை கரையில் உட்காரவைத்துக் கண்ணைக் கட்டினார்கள். ஊர்ப் பெரியவர் உயிர் இறாலை வட்டத்தின்மேல் விட்டு எடுப்பார். அது ஊர்ந்தால் நான் சொல்லவேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் மணல்திட்டுதான்.

"ஊருது" என்றேன். சற்று நேரம் கழித்து, "ஊருது." காற்று பட்டாலும் ஊர்ந்தது. வியர்வை இறங்கினாலும் ஊர்ந்தது. எது இறால், எது பயம் என்று பிரிக்கமுடியாமல் சொல்லிக்கொண்டே போனேன்.

கண்கட்டை அவிழ்த்தார்கள்.

"எறா உட்டது ஏழு தபா" என்றார் பெரியவர். "நீ சொன்னது பதினொண்ணு."

"கெடங்குல துணியும் இப்பிடித்தான் எண்றியா பிள்ளே?" என்றான் தோணிக்காரன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்த ஏழும் சரியா?" என்று கேட்டேன்.

"ஏழும் சரி. பெருநோவு இல்ல. ஆனா இல்லாத எறாவ இருக்குதுன்னு சொன்னியே, அது பொய். பொய்க்கு ஒண்ணுக்கு ஒரு பணம் தெண்டம்."

"பொய் இல்லீங்க. பயம்."

"பயத்துக்கும் அதே தெண்டம்தான்."

அது என்ன வியாதி என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை. வட்டம் மங்கியிருக்கிறது, போகவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் கிள்ளிப் பார்க்கிறேன். இல்லாத இறால் நாலுக்கு நாலு பணம் தண்டம். வெள்ளி, சனி இரண்டு நாளும் கிடங்குக்குப் போகாததில் ஒரு பணம். ஆக மொத்தம் ஐந்து பணம்.