நம்பர் சொல்லாத பெயர்

அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி நடுங்குகிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் நான் இருக்கிற இடத்தில் இருக்க மாட்டேன். பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் லாரி வந்து திரும்பினாலே போதும், ஓடிப்போய் அலமாரியைப் பிடித்துக்கொள்வேன், பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். பூமிக்கடியில் வெகு ஆழத்தில் பாறை வெடித்துச் சரிகிறபோது எங்களுக்கு முதலில் செய்தி சொல்வது வீட்டுப் பாத்திரங்கள்தான். அதற்கு ஊரில் "ஏர் பிளாஸ்ட்" என்று பெயர். சுரங்கத்தில் அபாயச் சங்கு ஊதுவதற்குள் பெண்கள் சுரங்க வாசலுக்குப் பாதி தூரம் ஓடியிருப்பார்கள்.

இதையெல்லாம் ஒரு மூலையில் கட்டிப்போட்டுவிட்டு நிம்மதியாக இருந்த என்னைப் போன மாதம் ராணி உலுக்கிவிட்டாள். ராணி என்று நான் உரிமையோடு சொல்வது, வானொலியிலும் பிறகு தொலைக்காட்சியிலும் தமிழ்ச் செய்தி வாசித்து வீட்டுக்கு வீடு தெரிந்த குரலாகிப்போன செல்வராணியை. உங்களுக்கு அவள் அம்மையார். எங்களுக்கு, தங்கவயலில் ஒரே வரிசையில் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில், அதாவது "லைனில்", பக்கத்து வீட்டு "கத்தல் ராணி". அவள் தண்ணீர்க் குழாயடியில் நின்று தன் அம்மாவைக் கூப்பிட்டால் அடுத்த லைனிலிருந்து யாருடைய அம்மாவாவது எட்டிப் பார்ப்பாள்.

பெங்களூரில் அவளுக்குப் பாராட்டு விழா என்று கேள்விப்பட்டு, நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். உறுதியாகாத செய்தியை வாசிக்க மாட்டேன் என்று அவள் மேலதிகாரிகளிடம் சண்டை போட்ட கதைகளைச் சொல்லிப் புகழ்ந்தார்கள். பிறகு ஒரு பையன் மைக்கைப் பிடித்து, முதன்முதலில் செய்தி வாசித்தது எப்போது என்று கேட்டான். ராணி, "பதினோரு வயசுல. அது பொய்ச் செய்தி," என்றாள். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன், என்ன வரப்போகிறது என்று தெரியாமல்.

அவள் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் எட்டு வயதுக்காரி. பாத்திரங்கள் அதிர்ந்தபோது அம்மா நிறைமாதக் கர்ப்பிணி; அதற்கு முன் ஒரு குழந்தை பிறந்து தங்காமல் போயிருந்தது. வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவள் ஓட, நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அப்பா மாணிக்கம் அன்றைக்கு உள்ளே இருந்தார்.

சுரங்க வாசலில் ஒரு வழக்கம் உண்டு. இரும்புக் கூண்டில் மேலே வருகிற ஒவ்வொருவரும் நம்பர் பொறித்த பித்தளை "பில்லையை" ஜன்னலில் கொடுப்பார்கள். உள்ளேயிருக்கும், வேலைக்கு வந்தவர் கணக்கு எழுதுகிற டைம் ஆபீஸ்காரர் நம்பரையும் பெயரையும் சேர்த்துக் கூவுவார். வெறும் முனுசாமி என்று கூவினால் பத்துப் பெண்கள் எழுந்து ஓடுவார்கள், அதனால் நம்பர் முதலில், பெயர் பிறகு. மேலே வந்தவர்களின் பெயரை மட்டும்தான் சொல்வார்கள். வராதவர் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. கூப்பிடாத பெயர்தான் அந்த ஊரில் சாவுச் செய்தி. அன்றைக்குக் கூட்டத்தின் இரைச்சலில் டைம் ஆபீஸ்காரருக்குத் தொண்டை கட்டிப்போய்விட, முன்னால் நின்ற ராணியைத் தூக்கி ஒரு பீப்பாய் மேல் நிறுத்தினார். அவர் மெதுவாகச் சொல்லச் சொல்ல அவள் கூவினாள். சாயங்காலத்துக்குள் எங்கள் லைன்காரர்கள் பலர் மேலே வந்துவிட்டார்கள். கடைசியாக, மாணிக்கம் மேலே வந்துவிட்டார், அடிபட்டவர்களைத் தூக்க மறுபடியும் இறங்கிவிட்டார் என்று அவள் கூவியது என் காதில் தெளிவாக விழுந்தது. மேலே வந்தவர்கள் ஒரு டீயைக் குடித்துவிட்டு மீட்புக்கு இறங்குவது எங்கள் ஊரில் சாதாரணம். அம்மா எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பா விடியற்காலையில் வந்தார், இடது கையில் கட்டோடு. மீட்பு வேலையில் கல் விழுந்தது என்றார். இதுதான் இத்தனை காலம் நான் அறிந்த கதை.

மேடையில் ராணி சொன்னாள்: "அவரு மேல வரவே இல்ல. பாறைக்குப் பின்னால மாட்டிக்கிட்டு இருந்தாரு. கர்ப்பமா இருந்த அவரு சம்சாரம் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. என்னால தாங்க முடியல. சொல்லிட்டேன்."

டைம் ஆபீஸ்காரர் அவளை ஏறிட்டுப் பார்த்தாராம், ஆனால் மறுக்கவில்லையாம். விடியற்காலையில் அப்பாவை உயிரோடு தூக்கி வந்தபோது, உன் வீட்டில் இப்படிச் சொல்லியிருக்கிறது, அப்படியே சொல்லிவிடு என்று அவரே அப்பாவின் காதில் போட்டாராம். ராத்திரி முழுக்கத் தான் ஒருவரைக் கொன்றுவிட்டதுபோல் நடுங்கிக் கிடந்ததாகவும், அதற்குப் பிறகு உறுதியில்லாத ஒரு வார்த்தைகூடத் தன் வாயிலிருந்து வந்ததில்லை என்றும் ராணி சொன்னபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் மட்டும் உட்கார்ந்தே இருந்தேன்.

ஆட்டோவில் வரும்போது ஒவ்வொன்றாக வந்து அறைந்தது. அப்பா சாகும்வரை ராத்திரியில் கதவைத் தாழிட விட்டதில்லை. சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூருக்கு வந்தும் அப்படியே. அதில் இரண்டு சைக்கிள் களவு போனது. அவர் லிப்டில் ஏற மாட்டார், பணக்காரப் பழக்கம் வேண்டாம் என்பார். பட்டிக்காட்டு மனிதர் என்று நாங்கள் கேலி செய்தோம். பாறைக்குப் பின்னால் ஒரு ராத்திரியைக் கழித்த மனிதரைக் கேலி செய்திருக்கிறோம். அவரோ ஒரு வார்த்தை சொல்லாமல் எங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறார்.

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். எண்பதைத் தாண்டியவள், தரையில் உட்கார்ந்து ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தாள். ராணி என்ன பேசினாள் என்று கேட்டாள். என் மூஞ்சியை ஒளிக்க எனக்கு எந்தக் காலத்தில் தெரிந்தது? அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அம்மாவின் விரல்கள் நிற்கவே இல்லை. "எனக்குத் தெரியும்," என்றாள். "அவ நம்பரு சொல்லலியே."

ஆமாம், சொல்லவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன். மாணிக்கம் என்றுதான் கூவினாள், நம்பர் இல்லை. பில்லை கைக்கு வராமல் நம்பரைச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு நாக்கு எழவில்லை போலிருக்கிறது. அப்படியானால் ஏன் எழுந்து வீட்டுக்கு வந்தாய் என்று கேட்டேன்.

"சின்னப் பொண்ணு, என் வயித்தப் பாத்துக்கினே சொல்றா. நான் அங்கயே குந்தியிருந்தா, பொய்யின்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அந்த ஆளு வராம பூட்டா, ஊரு அவள இன்னா சொல்லும்? அதான் நம்புன மாதிரி எழுந்து வந்துட்டேன்."

அன்று ராத்திரி அடுப்பில் வெந்நீர் கொதித்து வற்ற, மறுபடி ஊற்றி, மறுபடி கொதிக்கவைத்துக்கொண்டே இருந்தாள். அப்பா வந்தால் குளிக்க என்று நினைத்து நான் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். அந்த அடுப்பின் முன்னால் அவள் எதையெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளோ. அப்பாவிடமும் அவள் கேட்டதில்லையாம். அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை என்றாள், ஏதோ கடைக்குப் போய்வந்த விஷயம்போல.

தங்கவயல்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ராணியும் இருக்கிறாள். ஒரு காலை வணக்கம்கூடப் போட மாட்டாள். அந்த நம்பருக்குக் கூப்பிட்டு, இன்னார் மகள் என்று சொல்லி, அம்மா சொன்னதையும் சொன்னேன்.

இப்போது அங்கே சங்கு ஊதுவதில்லை. கூண்டு இறங்குவதில்லை. எங்கள் லைனில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை, பில்லைகள் என்றைக்கோ பழைய பித்தளையோடு பித்தளையாக எடைக்குப் போய்விட்டன. தங்கம் பிரித்தெடுத்த கழிவான சைனைடு மண்மேடுகள் மட்டும் காற்றடித்தால் தூசி கிளப்பிக்கொண்டு நிற்கின்றன. ஆனால் ஒரு நம்பர் மட்டும் எங்கள் வீட்டில் பத்திரமாக இருந்திருக்கிறது.

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். "ராணி, நான்தான்மா. அவரு நம்பரு நானூத்திப் பன்னண்டு. இப்போ நம்பரோட சொல்லு."

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, செய்தி வாசிக்கிற குரல் இல்லை அது, குழாயடியில் நின்று கத்துகிற ராணியின் பழைய குரல், அடுத்த லைனுக்குக் கேட்கிற மாதிரி வந்தது.

"நானூத்திப் பன்னண்டு, மாணிக்கம். மேல வந்தாச்சு."

அம்மா தலையை ஆட்டிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தாள்.