யெல்கோவன் உட்கார்ந்த படம்

நஸ்மியின் படகு கவிழ்ந்து நாற்பதாம் நாள், அவர் மனைவி ஷுக்ரியே அல்வா கிண்டித் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். மனுஷனின் உடல்கூடக் கிடைக்கவில்லை. தேநீர்க்கடையில் அந்த அல்வாவைத் தின்றுகொண்டே வலைக்காரன் பெகிர் சொன்னான்: "குடிச்சுட்டுக் கடலுக்குப் போனவன். இனி யெல்கோவன் பறவையாத்தான் சுத்துவான். உக்கார விதியில்லாத பாவி ஆவி அது."

பொஸ்போரஸ் ஜலசந்தியின் நீரை உரசிக்கொண்டு அம்பாய்ப் போகும் அந்தப் பறவை உட்கார்ந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. பேச்சு பரவியது. அதன்பின் நஸ்மியின் ஆன்மாவுக்காக பாத்திஹா ஓத ஒரு கையும் உயரவில்லை.

ஷுக்ரியே அதை நம்பவில்லை. அல்லாஹ் படைத்த பறவைக்கு உட்கார இடமில்லாமலா போகும்? நாத்தனார் மகனின் பழைய கேமராவை வாங்கிக்கொண்டு, தையல் வேலை முடிந்ததும் தினமும் பயணிகள் படகில் ஏறினாள்.

படத்தில் விழுந்ததெல்லாம் சாம்பல் கோடுகள். போதாததற்கு, பயணிகள் ரொட்டி எறிய, கடற்காகங்கள் வந்து மறைத்தன.

"எறியறத நிறுத்து தம்பி, மறைக்குது."

"காகத்தையே எடுங்கக்கா, ஆடாம நிக்குதுல்ல."

"உன் மூஞ்சியும்தான் ஆடாம நிக்குது. நகரு."

பறவையைத் துரத்தக் கூடாது, கேமராவை அதற்கு முன்னால் ஓட விட வேண்டும் என்று கைக்குப் பிடிபட ஒரு குளிர்காலம் ஆயிற்று. வெள்ளை வயிறும் கண்ணும் தெளிவாக விழுந்தன. ஆனால் எல்லாம் பறக்கிற படங்கள். நெத்திலி மேலெழுந்த ஒரு நாளில்தான் பறவைக் கூட்டமே தண்ணீரில் இறங்கி உட்கார்ந்தது. அவள் கேமராப் பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

பெண்கள் நுழையாத தேநீர்க்கடைக்குள் நேராகப் போனாள். பெகிரும் மற்றவர்களும் ஆடிக்கொண்டிருந்த ஆட்டக் காய்களின் மேல் படங்களை வைத்தாள்.

"இது வாத்து" என்றான் பெகிர்.

"கண்ணு அவிஞ்சு போச்சா? அடுத்ததப் பாரு, அதே பறவைதான் எழும்புது."

படம் கைமாறியது. "யெல்கோவன்தான்டா பெகிர்" என்றார் கடைக்காரர். "வாயில மீன் வேற. ஆவிக்கு எதுக்குடா நெத்திலி?"

சிரித்தார்கள். ஷுக்ரியே சிரிக்கவில்லை.

"சரிக்கா, தெரியாமச் சொல்லிட்டேன். உக்காருங்க, டீ சொல்றேன்."

"உன் டீய நீயே குடி. அவருக்கு பாத்திஹா ஓது. எல்லாருக்கும் கேக்கணும்."

பெகிர் சிகரெட்டை அணைத்துக் கையேந்தினான். மற்றவர்களும் ஏந்தினார்கள். பாதியில் அவனுக்கு நாக்குக் குழறியது.

"முதல்லேருந்து ஓது" என்றாள் ஷுக்ரியே.