வாசலுக்குள் ஒரு கால்

கிசபுரோ இறந்து நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு நேற்று முடிந்தது. மடத்துக் குரு வைத்த மறுமைப் பெயர் கறுப்பு அரக்குப் பலகையில் பொன்னிறத்தில் மின்னுகிறது. ஆறு எழுத்துகள். அவற்றில் ‘கடல்’ எழுத்தைக்கூட என் கணவர் அடையாளம் கண்டிருக்க மாட்டார்.

ஒன்பது வயதில் கணவாய் மீன் படகில் ஏறியவர் அவர். ஒலியைக் குறிக்கும் எளிய எழுத்துகளைத் தட்டுத்தடுமாறி வாசிப்பார். படங்களிலிருந்து வளர்ந்த, ஒவ்வொன்றும் ஒரு சொல்லாக நிற்கும் பெரிய எழுத்துகள் எதுவும் தெரியாது. கல்லூரியில் படித்து, மீனவர் கூட்டுறவு அலுவலகத்தில் நாள் முழுவதும் கடிதம் எழுதிய எனக்கு, அதைக் கண்டுபிடிக்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின. நகர அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம் வலது கையில் துணி சுற்றிக்கொள்வார். “கையில அடி, நீங்களே எழுதிடுங்க.” உணவுக்கடையில் கூட வருபவர் சொன்னதும், “எனக்கும் அதே” என்பார்.

ஒரு நாள், ‘தொட்டி காலி, அடுப்பு பற்ற வைக்க வேண்டாம்’ என்று எழுதி, குளியலறைக் கதவில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது வீடெல்லாம் புகை. அடியில் தீ மூட்டிச் சூடாக்கும் குளியல் தொட்டி, தண்ணீர் இல்லாமல் காய்ந்து கருகியிருந்தது.

“ஏங்க, சீட்டப் பாக்கலையா?”

“கண்ணாடி இல்லாம எப்படிப் பாக்கறது?”

“அது உங்க மூக்கு மேலதானே உக்காந்திருக்கு!”

அவர் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மேசையில் வைத்தார். “அது வெறும் கண்ணாடி, நொபுவே. பவர் கிடையாது.”

நான் கதவிலிருந்து சீட்டைக் கிழித்தேன். அந்த மாதமே அவர் வேலை செய்த ஐஸ் தொழிற்சாலையில், குளிரூட்டும் அமோனியா வாயுக் குழாய்களின் வால்வுகளை மாற்றினார்கள். பழைய வால்வில் சக்கரம் இருந்தது. வலப்பக்கம் சுற்றினால் மூடும், படிப்பு வேண்டாம். புதிதாக வந்தவை மின்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புப் பொத்தான்கள், ஒவ்வொரு பொத்தானிலும் ஒரே ஓர் எழுத்து. ஆறு பெட்டிகளை இரண்டு மின்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்கு மாட்டியிருந்தார்கள்: ஒரு பெட்டியில் மூடுவது இடப்பக்கம், இன்னொன்றில் வலப்பக்கம். தவறானதை அமுக்கினால் குளிர் அறைக்குள் இருப்பவன் மூச்சு முட்டிச் சாவான்.

மீன்பெட்டி மூடித் துண்டொன்றில் அந்த இரண்டு எழுத்துகளையும் கரியால் வரைந்துகொண்டு வந்தார். முதல்முறையாக என்னிடம் கேட்டார்: “இதுல மூடுறது எது?”

இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு கதவுள்ள பெரிய வாசல் வெளியே. உள்ளே நிற்பதுதான் வேறு. ஒன்றில் இரண்டு கால், இரண்டு குறுக்குக்கட்டை. இன்னொன்றில் ஒரு நெட்டைக் கோடு, அதிலிருந்து சாய்வாக நீண்ட ஒரு கால். நான் சொல்லும் முன்பே அவர் விரலை வைத்தார்.

“இது திறக்கறது. வாசலுக்குள்ள ஆளு காலைத் தூக்கிட்டு வெளிய ஓடுறான், பாரு. அப்ப திறந்துதானே இருக்கு?”

அவர் விரலைப் பிடித்தேன். “அதுதான் மூடுறது.”

“ஓடுறானே!”

“ஓடல. உங்க மச்சான் திருவிழாவுல குடிச்சிட்டு, யாரையும் வெளிய விடாம வாசல்ல காலை நீட்டிட்டு நிப்பாரே, அந்தக் கால்.”

சிரித்துவிட்டார். “அந்த ஆளு நின்னா எலிகூடப் போகாது. அப்ப இன்னொண்ணு?”

“கோயில் முன்னாடி இருக்கற தோரி. ரெண்டு தூண், மேல ரெண்டு கட்டை. தோரிக்குக் கதவு ஏது? எப்பவும் திறந்ததுதான்.”

மூன்று வாரம், சாப்பாட்டுக்கு முன் சோயா சாற்றில் விரலைத் தொட்டு மேசையில் வரைவார். தோரி. மச்சான் கால். பத்தில் ஒரு தடவை அந்தக் கால் மறுபடி ஓடத் தொடங்கிவிடும். முதலில் மனதில் விழுந்த படம் லேசில் போகாது.

நவம்பரில் குழாய் வெடித்தது. இளைய கூட்டாளி ஹிதேஜி உள்ளே குளிர் அறையில் இருந்தான். முன்பெட்டியை நெருங்க முடியாதபடி வாயு. மேற்பார்வையாளர் ஒனோதேரா கத்தினார்: “கிசா! கடல் பக்கப் பெட்டிக்கு ஓடு! மூடு!”

ஓடினார். அமோனியா கண்ணைக் கிழித்தது. எழுத்துகள் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளிந்தன. வாசல், வாசல். உள்ளே ஒரு கால். சுவருக்கு அந்தப் பக்கம் ஹிதேஜி இருமுவது கேட்டது. வெளியே ஓடிவர முடியாத ஹிதேஜி. அந்த நொடியில் எழுத்துக்குள் இருந்த காலும் ஓடியதாம். ஓடினால் திறப்பது, அப்படியானால் மூடுவது மற்றது. கட்டைவிரல் தோரியின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது.

“அமுக்கியிருப்பேன், நொபுவே. அப்பத்தான் நெனச்சேன், தோரிக்குக் கதவு ஏது?”

விரலை நகர்த்தி, மச்சான் காலை அமுக்கினார். மோட்டார் உறுமியது. சீறல் மெலிந்து நின்றது. ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போய் ஹிதேஜியை இழுத்து வந்தார். உறைந்த குழாயில் பட்டு வலது உள்ளங்கைத் தோல் உரிந்துபோயிற்று.

மறுநாள் ஒனோதேரா அறிக்கைத் தாளோடு வீட்டுக்கு வந்தார். ஹிதேஜி கஞ்சி குடித்தான் என்றார். பிறகு கிசபுரோவின் கையில் இருந்த கட்டைப் பார்த்தார்.

“நடந்ததை எழுதணும். கை இப்படி இருக்கு, உன் வீட்டுக்காரி எழுதட்டும்.”

வாழ்நாள் முழுவதும் பொய்யாகச் சுற்றிய கட்டு, அன்று மெய்யாகவே சுற்றியிருந்தது. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்திருக்கலாம். நான் பேனாவை எடுத்தேன்.

“கட்டு இல்லன்னாலும் எனக்கு எழுத வராதுண்ணே,” என்றார் கிசபுரோ. “படிக்கவும் வராது. அந்த ரெண்டு எழுத்துதான், அதுவும் இவ தோரி, மச்சான் காலுன்னு படமாச் சொல்லித் தந்தது.”

ஒனோதேராவின் தேநீர் பாதி வழியில் நின்றது. படிக்கத் தெரியாதவரை வால்வுப் பக்கம் விட்டதற்கு முதலில் மாட்டுவது அவர்தான். கோப்பையை மேசையில் வைத்தார்.

“பதினாறு வருஷம்,” என்றார். “கடையில நான் எதைச் சொன்னாலும் எனக்கும் அதேன்னு சொன்னது இதுக்குத்தானா? நான் என்னவோ நீ என் நாக்கு ருசியை மெச்சுறேன்னு நெனச்சுட்டேன்டா!”

“பாதி நாள் பிடிக்கவே இல்லண்ணே.”

“நாசமாப் போறவனே. நீ வாயால சொல்லு, நான் எழுதறேன். அப்புறம் ஆறு பெட்டியிலயும் பொத்தான் பக்கத்துல அந்தப் படத்தை வரைஞ்சு வை. எனக்கே சில நாள் குழம்புது.”

கட்டு அவிழ்ந்த வாரம் உணவுக்கடையில் ஒனோதேரா வாயைத் திறக்கவில்லையாம். “நீ முதல்ல சொல்லு.” சுவரில் தொங்கிய பட்டியலில் எளிய எழுத்தில் இருந்தது ஒன்றே ஒன்று: கறிச்சோறு. அதைக் கிசபுரோ சத்தமாக வாசித்தார்.

“எனக்கும் அதே,” என்றார் காரம் ஆகாத ஒனோதேரா. கண்ணில் நீர் வழிய வழிய, தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தாராம்.