உப்பு போடாத தூக்குவாளி

என் மசாலா டப்பாவுக்குள் ஒரு சாண் நூல் கிடக்கிறது. அரிசி மூட்டையின் வாயைத் தைத்து வரும் நீல நூல்தான். இப்போது அதில் நீலம் இல்லை. மிளகாயும் மஞ்சளும் ஏறி, கழுவினாலும் போகாத ஒரு நிறம் வந்துவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் டப்பாவைத் திறந்தால், "குப்பையைக்கூட எடுத்துப் போடத் தெரியாதா இவளுக்கு" என்று நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

என் மாமனார் துறைமுகத்தில் சரக்கைக் கயிறு போட்டுக் கட்டுகிற வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காது. ராயபுரத்தில் எங்கள் வீட்டில் மொட்டைமாடித் துணிக்கொடி, கொசுவலை, பழைய பேப்பர் கட்டு எல்லாவற்றிலும் அவருடைய முடிச்சு இருக்கும். பார்க்க இரும்பு மாதிரி இறுகி நிற்கும். ஆனால் நுனியைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்து கையோடு வந்துவிடும். என் முடிச்சுகள் அப்படியில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக நாலு போடுவேன், பிறகு நானே பல்லால் கடிப்பேன். அவர் சிரிப்பார். "உன் முடிச்சிக்கு கத்திதான்மா சாவி. முடிச்சி போடுறவன் அவுக்குறவனையும் நெனைக்கணும்" என்பார்.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துபோன வருடம் எங்கள் வீட்டில் உப்பு ஒரு குற்றவாளியாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீருக்குக்கூட அளவு. ஆஸ்பத்திரி நர்ஸம்மா என்னைத் தனியாக அழைத்து, "கறி குடும்மா, வேணாங்கல. ஆனா கடை மசாலா வேணாம், அதுல உப்பு கலந்திருக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் எறும்பு மாதிரி எழுத்தில் உப்பு உட்கார்ந்திருந்தது. அன்றோடு பாக்கெட் மசாலா வீட்டுக்குள் வருவது நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போய்வரவே கணவரின் சம்பளம் பத்தாதபோது, நல்ல மசாலா சாமானுக்கு எங்கே போவது?

வழி இருந்தது. யானைக்கவுனி மொத்தக் கடைகளில் மூட்டையின் அடியில் தங்கும் உடைந்த மிளகாயைத் தனியாகக் கட்டிக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். காரம் ஒன்றுதான், அழகுதான் இல்லை. தெருமுனை ஜூஸ் கடைக்காரர் பிழிந்து எறிகிற எலுமிச்சைத் தோலைக் கேட்டு வாங்கி, கழுவி மாடியில் காயப்போடுவேன். எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கத்துக் காற்று அடிக்கிற நாளில் கரித்தூள் படியும் என்று பழைய நைலான் புடவையால் மூடி வைப்பேன். அந்த மிளகாய், காய்ந்த தோல், வறுத்த மல்லி, சோம்பு, மிளகு, மொறமொறவென்று காய்ந்த கறிவேப்பிலை, பொடி நன்றாக ஒட்ட ஒரு பிடி வறுத்த அரிசி. இதை அரைத்தால் துண்டுகளில் தடவுகிற பொடி ஆயிற்று. ஊறவைப்பதற்கு வேறு. தோலோடு இடித்த பூண்டு, இஞ்சி, இரண்டு மூடி வினிகர். மாட்டுக்கறி முற்றலாக இருந்தால் பப்பாளிக்காய்த் தோல் ஒரு துண்டு. ஒரு மணி நேரத்தில் கறி பஞ்சாகிவிடும். புளிப்பும் காரமும் வாசனையும் சேர்ந்து, உப்பு இல்லாததை நாக்கிடமிருந்து மறைத்துவிடும் என்று நம்பினேன். பக்கத்து வீடுகளில் எல்லாம் கேட்டு வாங்கிப் போனார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

மாமனார் நாக்கை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. தட்டைப் பார்த்ததும், "உப்பில்லாப் பண்டம்..." என்று ஆரம்பித்து நிறுத்துவார். "பழமொழி பாதியே போதும் மாமா" என்பேன். முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, "வாசன சூப்பரா கீதும்மா" என்பார். வாசனை என்றுதான் சொல்வார். ருசி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

தவக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் சுத்தபோசனம், கறியே கிடையாது. பெரிய சனிக்கிழமை ஒருசந்தி நோன்பு இருந்துகொண்டு, மறுநாள் பாஸ்கா என்கிற ஈஸ்டர் பண்டிகைக்கான கறிக்கு மசாலா போட்டு வைப்போம். நாக்கில் ஒன்றும் படக்கூடாது என்பதால் உப்பு பார்க்க மாட்டோம், கை அளவுதான் கணக்கு. அதோடு இன்னொரு வழக்கமும் உண்டு. பாஸ்காவின் முதல் துண்டு வீட்டில் மூத்தவர் வாய்க்குத்தான் போகவேண்டும். அதுவரை சமைக்கிறவள் கரண்டியைக்கூட நக்கக்கூடாது. இதில் மாமனார் கறாரானவர்.

அந்த வருடப் பாஸ்காவுக்கு, என் கல்யாணத்துக்கு வந்த ஒரே மாதிரியான இரண்டு தூக்குவாளிகளில் கறியைப் பிரித்தேன். ஒன்றில் எங்கள் இருவருக்கு, உப்போடு. இன்னொன்றில் அவருக்கு இரண்டு நாளைக்கு ஆகட்டும் என்று அதே அளவு, உப்பில்லாமல். மசாலா பூசிய பிறகு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. அடையாளத்துக்கு உப்பில்லாத வாளியின் பிடியில் அந்த நீல நூலைக் கட்டினேன். வழக்கம்போல நாலு முடிச்சு. கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "கட்டிட்டியா? இனிமே அந்த நூலு சாவற வரைக்கும் அவுராது" என்று கிண்டல் செய்தார். இரண்டையும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் கோயிலைப் பெருக்கி அலங்கரிக்கப் போய்விட்டேன். கணவர் வேலையில் இருந்தார். மதியம் முழுக்க மாமனார் வீட்டில் தனியாக இருந்தார்.

ஞாயிறு காலை நூல் கட்டிய வாளியை எடுத்து, நூலை உருவிப்போட்டு, அவருடைய கறியைத் தனியாக வறுத்தேன். முதல் துண்டை வாயில் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் சொல்கிறார் என்று நினைத்தேன். இன்னும் கேட்டார், வைத்தேன். அதற்கும் மேல் கேட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் அப்படிச் சாப்பிட்டதைப் பார்த்து என் மசாலாவை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு எங்கள் வாளிக் கறியையும் வறுத்து, தட்டில் போட்டு ஒரு வாய் வைத்தேன். சப்பென்றிருந்தது. ஓடிப்போய், "மாமா, உங்களுதுல உப்பு இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"உப்பா? அதெல்லாம் ஒண்ணும் இல்லியே. எப்பவும் போலதாம்மா கீது" என்றார், விரலை நக்கிக்கொண்டே.

இரண்டு நாளைக்கான கறியும் தீர்ந்து, அவர் தட்டிலோ சட்டியிலோ நான் தொட்டு நக்கிப் பார்க்கக்கூட ஒன்றும் மிச்சமில்லை. நர்ஸம்மாவுக்குப் போன் செய்திருக்கலாம். நாளைக்குத்தான் டயாலிசிஸுக்குப் போகிறோமே என்று விட்டுவிட்டேன். அன்று பூராவும் அவருக்குத் தாகம். எனக்குத் தெரியாமல் எத்தனை டம்ளர் குடித்தாரோ. திங்கள் விடியும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டபோது அவர் தலை என் தோளில் இருந்தது. டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஸ்ட்ரெச்சரைத் திருப்பி அனுப்பினார்.

கல்லறையிலிருந்து திரும்பிய அன்றே கணவரிடம் சொல்லிவிட்டேன். "நான்தான் வாளிய மாத்திக் கட்டிட்டேன்." "ஒருசந்தில இருந்த, தல சுத்தியிருக்கும். வுடு" என்றார். ஆனால் அன்றிலிருந்து எந்தச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலும், "உப்பு பாத்தியா?" என்று கேட்காமல் கை வைப்பதில்லை. அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, பயம்தான் இருக்கிறது. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த வருடமே மழைக்காலத்தில், மாடித் துணிக்கொடி இற்றுப்போய்விட்டது என்று கழற்றப் போனேன். அவர் கட்டிய கொடி. நுனியைப் பிடித்து இழுத்தேன், ஒரே இழுப்பில் அவிழ்ந்து கைக்குள் விழுந்தது. என் விரல்களுக்கு அந்த இழுப்பு ஞாபகம் வந்தது. பாஸ்கா ஞாயிறு காலையில் தூக்குவாளியின் நூலும் இப்படித்தான் வந்தது. நான் போட்ட நாலு முடிச்சு கத்தி இல்லாமல் என்றைக்கு அவிழ்ந்திருக்கிறது? நனைந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த மழையில் உட்கார்ந்துவிட்டேன்.

நடுங்குகிற விரல்களால் என் குருட்டு முடிச்சை அவர் எவ்வளவு நேரம் பிரித்தாரோ. நூலை மற்ற வாளிக்கு மாற்றி, பழக்கதோஷத்தில் தன் முடிச்சையே போட்டிருக்கிறார். சாகவேண்டும் என்று செய்தாரா, ஒரே ஒருநாள் கறியைக் கறியாகத் தின்னவேண்டும் என்று செய்தாரா, எனக்குத் தெரியாது. அவர்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. அவிழ்ப்பவளை நினைக்கச் சொன்ன மனிதர் என்னை நினைக்கவில்லையே என்று அழுதேன். சாயங்காலம் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் தேடி அந்த நூலை எடுத்து டப்பாவுக்குள் போட்டேன்.

இந்த வருடப் பெரிய சனிக்கிழமையும் மசாலா போட்டேன். அதே உடைந்த மிளகாய், அதே எலுமிச்சைத் தோல். வாளி மட்டும் ஒன்று. கணவர் வந்து என் பின்னால் நின்று, "உப்பு போட்டியா?" என்றார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வருகிறது. சொன்னால் என் தலையிலிருந்து பழி இறங்கிவிடும். ஆனால் அப்பா ஒரு தட்டுக் கறிக்காக மதியமெல்லாம் உட்கார்ந்து முடிச்சைப் பிரித்தார் என்று தெரிந்தால், இந்த மனிதருக்குச் சாகும்வரை உப்பு தொண்டையில் இறங்காது. தப்பு என்னுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

"போட்டேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். டப்பாவைத் திறந்து நூலை ஒருமுறை தொட்டுப் பார்த்து மூடினேன். மாமா, இந்த ஒரு முடிச்சை நான் என் மாதிரியே போட்டுக்கொள்கிறேன்.