கரையில் எவ்வளவு ஆழம்?

குலேந்திரன் மொப்பை வாளிக்குள் நிறுத்திவிட்டு, படிகள் காயும்வரை மேல்படியில் உட்கார்ந்து, கைப்பேசியில் ஏரியைத் திறக்கிறார். வானத்திலிருந்து எடுத்த படம். இரண்டு விரல்களால் இழுத்துப் பெரிதாக்குகிறார். நீலம் பச்சையாகி, பச்சை மங்கி, கடைசியில் வெறும் சதுரங்களாக உடைகிறது. அந்தச் சதுரங்களுக்குள் கரையைத் தேடுகிறார். மூன்றாம் மாடிச் சிஞோரா நாயோடு வெளியே வருகிறார். குலேந்திரன் எழுந்து வழிவிட்டபடி தனக்குத் தெரிந்த இத்தாலியனில் கேட்கிறார்: மலைக்கு அப்பால் உள்ள அணைக்கட்டு ஏரிக்குப் போயிருக்கிறீர்களா? கரையில் எவ்வளவு ஆழம்? சேறா, மணலா?

சிஞோரா போனதில்லை. கடல் இருக்கும்போது ஏரிக்கு யார் போவார்கள் என்று அவர் திருப்பிக் கேட்கிறார்.

பஸ் சாரதியிடமும் பாண் கடைக்காரியிடமும் மருந்துக்கடைப் பெண்ணிடமும் இதே கேள்விதான். தூண்டில் போடுகிறவர்கள் என்ன மீன், என்ன இரை என்று விசாரிப்பார்கள். குலேந்திரன் ஆழத்தில்தான் தொடங்குவார். மீனைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. அந்த ஏரியில் ‘பெர்சிக்கோ’ என்று ஒரு சிறு மீன் இருப்பதை யூடியூப்பில் பார்த்துவிட்டார். தட்டையான உடல், முதுகில் முள் வரிசை. வன்னிக் குளங்களில் ஜப்பான் மீன் என்பார்களே, அதன் சாயல்.

வவுனிக்குளத்துப் பக்கத்துக்காரர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. போர் முடிந்தபின் சிசிலித் தீவின் பலேர்மோ நகருக்கு வந்து, பொலித்தியாமா அரங்கைச் சுற்றியுள்ள மாடிக் கட்டடங்களின் படிகளைத் துடைத்துச் சீவிக்கிறார். இடுப்பில் சாவிக்கொத்து. அவர் வருவதை அது முன்கூட்டியே சொல்லிவிடும். அவரிடம் ஒரு விநோதம் உண்டு. தானே நனைத்த படியில் இறங்கும்போதும், முதலில் மொப்புத் தடியால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பார். கீழே பளிங்குக் கல் இருப்பது அவருக்குத் தெரியும். தட்டாமல் வைக்க மாட்டார்.

ஏரி அவருக்காக அல்ல. மனைவி பவளராணிக்கு மாரிகாலத்தில் வயிற்றில் புற்று என்றார்கள். மருந்து ஏற்றத் தொடங்கியபின் எதைத் தின்றாலும் இரும்பு ருசி. கடல் மீன் மணம் வீட்டு வாசலில் வந்தாலே ஓங்காளிக்கிறார். போர்கோ வெக்கியோவில், சந்தைக்கு நேர் மேலே குடியிருக்கும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று சொல்லத் தேவையில்லை. சித்திரையில் ஒருநாள் அவராகவே வாய் திறந்து சொன்னார்: “குளத்து மீன் எண்டால் ஒருக்கா வாயிலை வைச்சுப் பாக்கலாம். உறைப்பில்லாமல், தேங்காய்ப்பால் விட்டு வெள்ளைச் சொதியா.” நோய் வந்தபின் அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

கீழே சந்தையில் வாள்மீன் உண்டு, மத்தி உண்டு, கணவாய் உண்டு. குளத்து மீன் கேட்டால் மீன்காரர் சிரிக்கிறார்.

மீன்காரரைவிட அதிகம் சிரிப்பவர் சுவாம்பிள்ளை. மன்னார்க்காரர், கடலோர ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் உதவி. ஞாயிறு பூசை முடிந்து வருகையில் படியேறாமல் கீழே நின்றே கூப்பிடுவார்.

“எடேய் குலேந்திரா, உலகமே இஞ்சை கடல் மீன் தின்னக் கப்பலிலை வந்து இறங்குது. நீ என்னண்டால் சேத்துக் குட்டையைத் தேடித் திரியிறாய்.”

“உனக்கென்ன தெரியும்? உப்புத் தண்ணியிலை பிறந்தனி.”

“தெரியும், தெரியும். குளத்து மீன் கழுவக் கழுவச் சேறு மணக்கும். எங்கடை ஊரிலை பூனையும் திரும்பிப் பாக்காது.”

இப்படிச் சொன்ன மனிதர்தான் தன்னுடைய நல்ல தூண்டில் தடியைப் புதிய நூல் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். “பத்திரம். திருப்பித் தராட்டிலும் பறவாயில்லை. அவளுக்கு ஒரு மீனைக் குடு” என்றார்.

கார் வசீகரனுடையது. துறைமுகத்தில் பொதி ஏற்றும் வேலை, ஞாயிறு ஓய்வு. வைகாசியிலிருந்து ஒவ்வொரு சனியும் அவர் தொலைபேசி எடுப்பார். “அண்ணை, நாளைக்குப் போவமோ?” குலேந்திரனின் பதில் மாறியதில்லை.

“பொறடாப்பா. தண்ணி வத்தட்டும்.”

வன்னிக் கணக்கு அது. அங்கே வயலுக்குத் தண்ணீர் பாய்ந்து, ஆவணி வெயிலில் குளம் வற்றும். நடுவில் ஒரு மடுவாகச் சுருங்கும். அப்போது ஊரே கரப்பும் கூடையுமாக உள்ளே இறங்கும். முழங்கால் தண்ணீர், காய்ந்த தரை, மீன் கைக்கே வரும். நிறைகுளத்தில் தூண்டில் போடுகிறவனைப் பார்த்து, பொழுதுபோகாதவன் என்பார்கள். ஆகவே குலேந்திரன் ஏரி வற்றக் காத்திருந்தார். இந்த வருடம் சிசிலியில் மழை இல்லை. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். மாடி வீட்டுக்காரர்கள் சந்துக்குச் சந்து திட்டினார்கள். தொலைக்காட்சியில் ஏரிகள் சுருங்குவதைக் காட்டியபோது பலேர்மோவில் மகிழ்ந்த ஒரே மனிதர் இவராகத்தான் இருக்கும். “வத்துது ராணி, நல்லா வத்துது” என்று கட்டிலருகே போய்ச் செய்தி சொன்னார்.

பவளராணி கண்ணைத் திறக்காமலே கேட்டார்: “இஞ்சாருங்கோ, நீங்கள் மீன் பிடிக்கப் போறியளோ, குளத்தை விலைக்கு வாங்கப் போறியளோ?”

அவர் மொப் வாளியோடு வேலைக்குப் போனபின், துணைக்கு வந்திருந்த ஊர்ப் பெண்ணிடம் தலையணையில் சாய்ந்தபடி பவளராணி சொன்ன விசயம் வேறு. “நிறைஞ்ச தண்ணியிலை அந்தாள் இறங்கமாட்டுது. சண்டையின்ரை கடைசி நாள் நந்திக்கடலுக்குள்ளாலை வரேக்கை இவற்றை தங்கச்சி இராசாத்தி முன்னுக்குப் போனவள். இடுப்பளவுதான் தண்ணி எண்டு சொல்லிச் சொல்லிப் போனவள். சேத்துக்கை கால் வைச்சாள். பிறகு எழும்பேல்லை. இவர் நீட்டின தடி கையிலை அப்பிடியே இருந்தது.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “நான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மீன் கேட்டது என்ரை பிழை.”

ஆடி மாதத்தில் வைத்தியர்கள் மருந்து ஏற்றுவதை நிறுத்தினார்கள். வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார்கள். சித்திரையில் அரைக் கோப்பை கஞ்சி குடித்தவர், இப்போது இரண்டு கரண்டியோடு முகத்தைத் திருப்பினார். குலேந்திரன் கைப்பேசியில் ஏரியை இன்னும் பெரிதாக்கினார்.

ஆவணி பிறந்தது. இந்த முறை வசீகரனுக்குத் தொலைபேசி எடுத்தவர் குலேந்திரன். “நாளைக்குப் போவம்.” தூண்டில், மண்புழுப் பேணி, பனிக்கட்டிப் பெட்டி, தலைப்பைக் கழற்றிய மொப்புத் தடி. பவளராணி எழுந்து செருப்பைத் தேடினார். “நானும் வாறன். பிடிச்ச உடனை பாக்கவேணும்.” பின்னிருக்கையில் தலையணை வைத்துப் படுக்க வைத்தார்கள். கொர்லெயோனே வீதியில் ஒவ்வொரு வளைவுக்கும் குலேந்திரன் முன்கூட்டியே பெயர் சொன்னார். இந்த இடத்தில் ஒரு பெட்ரோல் செட், அடுத்ததாகச் சிலுவை, பிறகு இறக்கம். எல்லாம் சரியாக இருந்தது.

ஏரிக்கரை மதில் ஓரம் கார் நின்றது. மதிலுக்கு அப்பால் ஏரி இல்லை. சாம்பல் நிறச் சேறு மேல்தோல் வெடித்துப் பள்ளத்தாக்குக்குள் இறங்கிப் போனது. வெகு தொலைவில், கண்ணாடித் துண்டு மாதிரி, தண்ணீர் மின்னியது.

வீதியோரக் குழாயில் கலன் நிரப்பிக்கொண்டிருந்த ஒரு கிழவர், தூண்டிலைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மதிலைக் கையால் தட்டிக் காட்டினார். மே மாதம் தண்ணீர் இதில்தான் மோதியது, இதே இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பெர்சிக்கோவை வாளி வாளியாக இழுத்தோம், இப்போது எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். வசீகரன் தமிழில் சொல்ல வாயெடுத்தார். குலேந்திரன் கையை உயர்த்தினார். அவருக்கு விளங்கிவிட்டது.

மதிலைத் தாண்டி இறங்கி, மொப்புத் தடியைச் சேற்றில் ஊன்றினார். தடி போய்க்கொண்டே இருந்தது. முழங்கை அளவு வெளியே மிஞ்சியபோது நிறுத்தி, இரண்டு கையாலும் இழுத்தெடுத்தார். வன்னிக் குளத்தின் காய்ந்த தரை இது அல்ல. மேலே காய்ந்த தோல், கீழே களி.

வசீகரனும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மதிலைத் தாண்டி இறங்கினார். “அண்ணை, நான் மெல்லிசு. அந்தக் கல்லுக்குள்ளாலை போய்ப் பாக்கிறன்.”

“போகாதை.”

“கொஞ்சத் தூரம்தானே அண்ணை.”

“போகாதை எண்டு சொல்லுறன்!” வசீகரனின் சேர்ட்டைப் பின்னாலிருந்து பிடித்திருந்த கை, அவர் மதிலில் திரும்ப ஏறிய பிறகும் விடவில்லை.

காருக்குள்ளிருந்து பவளராணி குரல் கொடுத்தார். படுத்திருந்தவருக்கு மதிலும் வானமும் மட்டுமே தெரிந்திருக்கும். “என்ன சத்தம்? தண்ணி இருக்கோ?”

“இருக்கு, இருக்கு. நிறைய இருக்கு.”

குலேந்திரன் தூண்டில் முள்ளில் ஒரு புழுவைக் கோத்தார். தடியைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், முழுப் பலத்தோடும் வீசினார். நூல் வெயிலில் நீளமாகப் பறந்து வளைந்து, தண்ணீருக்குப் பாதிவழிகூடப் போகாமல் இறங்கியது. ஈயம் வெடித்த சேற்றில் சொத்தென்று விழுந்தது.

“விழுந்திட்டுதோ?”

“ஓம் ராணி. நல்ல இடத்திலை விழுந்திருக்கு.”

அவர் மதிலில் உட்கார்ந்து மிச்ச நூலை மெதுவாகச் சுற்றி இறுக்கினார். பிறகு, மீன் கொத்தினால் தெரியவேண்டும் என்று, சுட்டுவிரலை நூலின்மேல் வைத்துக்கொண்டார்.